பற்று நோட்டைத் தேடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்னையில் பின்னி நெசவு மில்லைச் சுற்றியிருந்த பட்டாளம், புளியந்தோப்பு, ஓட்டேரி, பெரம்பூர் தெருக்களைப் பற்றிய இளமை நினைவுகளை வாசகர்களிடம் கேட்டு வாங்கி வெளியிடுகிறீர்கள். வரும் கடிதங்களில் கடைக்காரர் பெயர் இருக்கிறது, கமர்கட்டு இருக்கிறது, மில் சங்கு இருக்கிறது. கடை எப்படி நடந்தது என்பது மட்டும் எதிலும் இல்லை. மில் 1996-ல் மூடியாகிவிட்டது. கல்லாப்பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து கணக்கு எழுதியவர்களில் பலர் இப்போது இல்லை. மிஞ்சியிருப்பது அவர்கள் எழுதிய நோட்டுகள். அவற்றைக் கேட்டு வாங்குங்கள்.

அந்த வட்டாரத்து மளிகைக் கடை ரொக்கத்தில் ஓடவில்லை, பற்றில், அதாவது கடனில், ஓடியது. ஒரே கணக்கு இரண்டு இடத்தில் இருக்கும்: வாடிக்கைக்காரர் வீட்டில் ஒரு சிறு நோட்டு, கடையில் ஒரு நீளப் பேரேடு. வீட்டு நோட்டைப் பையன் கொண்டு வருவான். கடைக்காரர் இரண்டிலும் எழுதிவிட்டுச் சரக்கைக் கட்டுவார். சம்பளத்தன்று கூட்டிப் பார்த்து, வந்ததைக் கழித்து, மீதியை அடுத்த பக்கத்தின் தலையில் 'பழைய பாக்கி' என்று ஏற்றுவார்கள். தகராறெல்லாம் இந்த ஏற்றத்தில்தான். வீட்டு நோட்டில் ஏறாமல் பேரேட்டில் மட்டும் ஏறிய வரிகள் எத்தனை என்று, இரண்டும் கிடைத்தால் ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஒன்று மட்டும் கிடைத்தால் கடைக்காரரை யோக்கியர் என்றோ மோசக்காரர் என்றோ எழுதிவிடாதீர்கள்.

நோட்டைப் படிக்கக் கொஞ்சம் பழக்கம் வேண்டும். பழைய கணக்கர்கள் ௶ என்று போட்டால் பற்று, ௷ என்று போட்டால் வரவு, ௸ என்றால் மேற்படி. தேதி பெரும்பாலும் தமிழ் மாதத்தில் இருக்கும், வருஷம் இருக்காது. அப்போது காசைப் பாருங்கள். ரூபாய், அணா என்று பிரித்து எழுதியிருந்தால் பெரும்பாலும் 1957 ஏப்ரலுக்கு முந்தியது. அதற்குப் பிறகு ஒரு அணாவுக்கு 6 நயா பைசா, இரண்டணாவுக்கு 12, மூன்றணாவுக்கு 19, நாலணாவுக்கு 25 என்பது அரசாங்க மாற்றுப் பட்டியல். ஆகவே 6, 12, 19 என்ற எண்கள் அடிக்கடி வந்தால் அது மாறிய புதிதில் எழுதிய நோட்டு. விலையை இன்னும் அணாவில் நினைத்துப் பைசாவில் எழுதிய கை அது. இதில் கடைக்காரருக்கு ஒரு சின்ன நஷ்டமும் உண்டு. ஓரணாச் சரக்கை நாலு தடவை வாங்கினால் 24 பைசா, ஒரே தடவையில் நாலணாவுக்கு வாங்கினால் 25. சில்லறையாக வாங்குகிறவருக்கு ஒரு பைசா லாபம் என்பதால், அதைக் கடைக்காரர் அளவில் சரிக்கட்டினாரா என்று கேட்டுப் பாருங்கள். 1964-ல் 'நயா' என்ற சொல் நாணயத்திலிருந்து போனது. வாயிலிருந்து போக இன்னும் பல வருஷம் பிடித்தது.

அளவைப் பற்றி வரும் கடிதங்களில்தான் தவறு அதிகம். 'ஒரு படி, அதாவது ஒரு லிட்டர்' என்று போன மாதம் ஒருவர் எழுதியிருந்தார். சென்னைப் படி ஒரு லிட்டரைவிடப் பெரியது. எட்டு ஆழாக்கு ஒரு படி, இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு. படியின் கொள்ளளவு ஊருக்கு ஊர் வேறு. தஞ்சாவூர்ப் பக்கத்துக் கணக்கைப் பட்டாளத்தில் போட்டால் அரிசி விலை தப்பாக வரும். தலை தட்டி அளந்தார்களா, குவித்து அளந்தார்களா என்பதையும் கேட்க வேண்டும். ஒரே படியில் இரண்டுக்கும் ஒரு கைப்பிடிக்கு மேல் வித்தியாசம் வரும். எண்ணெயை உயரத்திலிருந்து வேகமாக ஊற்றினால் நுரை கட்டும். நுரை அடங்குமுன் புட்டியில் கவிழ்த்தால் ஆழாக்குக் குறையும். புளி, மிளகாய் பலத்தில், காய்கறி வீசையில், விறகு மணங்கில். 40 பலம் ஒரு வீசை, ஏறத்தாழ 1.4 கிலோ. 8 வீசை ஒரு மணங்கு, பதினொன்றே கால் கிலோவுக்குச் சற்று மேல். 1960-களின் தொடக்கத்தில் கிலோக் கல் வந்த பிறகும் பேச்சில் வீசைதான் இருந்தது. எனவே ஒருவர் 'வீசை' என்று சொல்வதை வைத்து மட்டும் காலத்தைத் தீர்மானிக்கக் கூடாது.

விறகுத் தொட்டியை, அதாவது விறகுக் கடையை, பலர் எழுதுகிறார்கள், மரத்தூள் அடுப்பை யாரும் எழுதவில்லை. விறகு வாங்க முடியாத வாரத்தில் அதுதான் சோறு வடித்தது. ஓர் அடி உயரத் தகர டின், அடியில் பக்கவாட்டில் இரண்டு விரல்கடை ஓட்டை. நடுவில் ஒரு சோடாப் புட்டியோ உருளைக் கட்டையோ நிற்கும். ஓட்டை வழியாக இன்னொரு கட்டையைச் செருகி அதைத் தொட வைப்பார்கள். பிறகு மரவாடியில் (மரம் அறுத்து விற்கும் இடத்தில்) சாக்குக் கணக்கில் வாங்கிய தூளைப் பிடி பிடியாகப் போட்டு, ஒவ்வொரு பிடிக்கும் குத்தி இறுக்க வேண்டும். நிரம்பியதும் இரண்டையும் திருகித் திருகி மெல்ல உருவினால் உள்ளே குழாய் மாதிரி வழி நிற்கும். கீழ் ஓட்டையில் கிருஷ்ணாயில் (மண்ணெண்ணெய்) தொட்ட துணித் துண்டைப் பற்ற வைத்தால் நடுவழியாகத் தீ ஏறும், ஒரு வேளைச் சமையலுக்குத் தாராளமாக வரும். ரம்பத்தூள்தான் ஆகும், இழைப்புச் சீவல் இறுகாது, சரிந்து வழியை அடைத்துவிடும். தூள் ஈரமாக இருந்தால் புகை. எரியும்போது டின்னை நகர்த்தினாலும் தூள் சரியும், குழம்பு பாதியில் நிற்கும். இந்த அடுப்பு எந்தத் தெருவில் எத்தனை வீட்டில் இருந்தது என்று கேட்டால் மரவாடிக்கும் மில் குடும்பத்துக்கும் இருந்த தொடர்பு தெரியும்.

அடகுக் கடைச் சீட்டையும் விடாதீர்கள். வீட்டுக்காரர் மறந்ததைச் சேட்டுக் கடைச் சீட்டு மறப்பதில்லை: பொருள், எடை, தேதி, வாங்கிய தொகை எல்லாம் அதில் இருக்கும். ஓர் அண்டா வருஷத்தில் எத்தனை தடவை போய் வந்தது என்பதே அந்த வீட்டுப் பொருளாதாரம்.

'சாதி பேதம் இல்லாமல் பழகினோம்' என்ற வரியை அப்படியே அச்சிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறோம். 1921 வேலைநிறுத்தத்தின்போது இதே மில் தொழிலாளர்கள் சாதிவழியில் பிளந்து, புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்திருக்கின்றன. பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். எந்தக் குழாயில் யார் தண்ணீர் பிடித்தார்கள், எந்தச் சலூனில் யாருக்கு முடி வெட்டினார்கள், டீக்கடைக் கிளாஸை யார் கழுவி வைத்தார்கள் என்று கேளுங்கள். கடைக்காரர்களை ஓரமாக நின்றவர்கள் என்றும் எண்ண வேண்டாம். 1918 ஏப்ரல் 27-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறக்கக் காரணமாக இருந்த செல்வபதி செட்டியாரும் இராமானுஜலு நாயுடுவும் தறியில் நின்றவர்கள் அல்லர், அந்த வட்டாரத்து வணிகர்கள். தொழிலாளியின் கஷ்டம் கடை வாசலில் தெரிந்தது.

நோட்டு கிடைத்தால் ஒரு வேண்டுகோள். பழைய கணக்குகளில் பல காப்பிப் பென்சிலில் எழுதியவை; ஈரம் பட்டால் ஊதாவாகப் பரவிவிடும். ஈரத்துணியால் துடைக்காதீர்கள், லேமினேட் செய்யாதீர்கள், தைத்த நூலை அறுக்காதீர்கள். ஜன்னல் வெளிச்சத்தில் பக்கம் பக்கமாகச் செல்போனில் படமெடுத்து, வெற்றுப் பக்கங்களையும் அட்டையின் உட்பக்கத்தையும் சேர்த்து எடுங்கள். அட்டைக்குள்தான் பாக்கி வைத்தவர்கள் பட்டியல் இருக்கும்.

இப்படிக்கு,
பெரம்பூர் வட்டார வாசகர்கள் சிலர்
சென்னை