எண்ணியதை எழுதவிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஒரு துறையில் மாற்றுக் கருத்து எழாமல் போக மேலிருந்து மிரட்ட வேண்டும் என்பதில்லை. எண்ணுகிறவரே தன் கணக்கைத் திருத்திக்கொள்வார். மனிதக் குரோமோசோம் எண்ணிக்கையில் நடந்தது அதுதான்.

48 என்று 1923-இல் சொன்னவர் தியோஃபிலஸ் பெயின்டர். விரைத் திசுவை மெழுகில் பதித்துச் சீவி எண்ணினார். சீவும்போது சில குரோமோசோம்கள் துண்டுபடும். மற்றவை ஒன்றன்மேல் ஒன்று கிடக்கும். மிகத் தெளிவான செல்களில் 46தான் தெரிந்தது என்று 1921-இல் எழுதியவரும் அவரே! ஆனாலும் 48 பாடப்புத்தகம் ஏறி, முப்பது ஆண்டுகளுக்கு மேல் அசையவில்லை.

உப்புச்செறிவு குறைந்த கரைசலில் ஊறிய செல் வீங்கும், குரோமோசோம்கள் விலகி நிற்கும் என்று 1952-இல் டி.சி. ஷூ கண்டார். அவ்வளவு தெளிவு கிடைத்தும் 48 என்றே வெளியிட்டார். இன்னொரு குழுவுக்குக் கருவின் கல்லீரல் செல்களில் திரும்பத் திரும்ப 46 வந்தது. மீதி இரண்டைக் காணோமே என்று அவர்கள் வேலையையே நிறுத்திவைத்தார்கள். 1955 டிசம்பரில் சுவீடனின் லுண்ட் நகரில் ஜோ ஹின் ஜியோ, கருவின் நுரையீரல் செல்களை, செல் பிரிவதை நடுவில் நிறுத்தும் கோல்ச்சிசினில் வைத்து, வீங்கவைத்து, நசுக்கிப் பரப்பி எண்ணினார். 46. அவரும் ஆல்பர்ட் லெவனும் 1956-இல் வெளியிட்ட கட்டுரையில், அந்தக் குழு பாதியில் விட்ட கணக்கையும் மறைக்காமல் சொன்னார்கள். 46 உறுதியானதால்தான் 1959-இல் டவுன் நோய்க்குறியில் தெரிந்த 47-இல் ஒன்று கூடுதல் என்று சொல்ல முடிந்தது.

நம் கல்லூரிகளில் வெங்காய வேர்நுனிச் செய்முறையைப் பாருங்கள். ஓரிரு மில்லிமீட்டர் நுனியை நறுக்கி, அசிட்டிக் அமிலம் ஒரு பங்கும் ஆல்கஹால் மூன்று பங்கும் கலந்ததில் நிலைப்படுத்தி, ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் இளக்கி, அசிட்டோகார்மைன் சாயம் ஏற்றி நசுக்குகிறோம். கோல்ச்சிசினில் ஊறவைக்கும் படியைப் பல இடங்களில் விட்டுவிடுவதால், குரோமோசோம்களை எண்ணத் தோதான மெட்டாஃபேஸ் நிலையில் உள்ள செல்கள் குறைவு. கிடைப்பதிலும் குரோமோசோம்கள் குவிந்து கிடக்கும். 13, 14 வரை எண்ணுவதற்குள் கண் தடுமாறும். ரெக்கார்டு நோட்டில் மட்டும் எல்லாருக்கும் 16! அந்த 16 சரிதான், ஆனால் மாணவர் அதை எண்ணிப் பெறவில்லை.

பாடத்திட்டக் குழுக்களுக்கு ஒரு வேண்டுகோள். பத்து செல்களில் எண்ணியதை மாணவர் அடித்தல் திருத்தலின்றி மையால் எழுதட்டும். எண்ண முடியாத செல்லென்றால் காரணத்தைக் குறிக்கட்டும். அதே ஸ்லைடை, முதல் கணக்கைப் பார்க்காமல், பக்கத்து மேசைக்காரர் எண்ணட்டும். இரண்டும் வேறுபட்டு, ஏன் என்று விளக்கினால் அதற்குத் தனி மதிப்பெண் வேண்டும். வெளித்தேர்வாளர் ரெக்கார்டைத் திறக்குமுன் மைக்ராஸ்கோப்பில் ஸ்லைடைப் பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
தாவரவியல் ஆசிரியர் ஒருவர்,
திருச்சி