512 பிட் என்றால் 36 ஜிபி எப்படி?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் தொழில்நுட்பப் பக்கத்தில், என்விடியாவின் அடுத்த தலைமுறை கிராபிக்ஸ் கார்டு எப்படி இருக்கும் என்று வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். இந்தப் பொருளுக்குத் தமிழில் ஒரு முழுப் பக்கம் ஒதுக்கியதற்கு முதலில் என் நன்றி. ஆனால் கட்டுரையோடு இருந்த அட்டவணையின் மூன்றாவது வரியைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. மெமரி 36 ஜிபி, மெமரிப் பாதையின் அகலம் 512 பிட் என்று போட்டிருந்தீர்கள். இந்த இரண்டு எண்களும் ஒரே கார்டில் சேர்ந்து வாழாது. கணக்கு உதைக்கிறது.

கோவையில் கட்டட வரைபடங்களை முப்பரிமாணப் படங்களாக மாற்றித் தரும் சிறிய அலுவலகம் ஒன்றை நடத்துகிறேன். எங்கள் பிழைப்பே கிராபிக்ஸ் கார்டை நம்பித்தான் இருக்கிறது. எங்களிடம் இருந்த ஆர்டிஎக்ஸ் 3090 ஒன்று கோடையில் சூடு தாங்காமல் திணறியபோது, காய்ந்துபோன தெர்மல் பேஸ்டை மாற்றுவதற்காக நானே திருகுகளைக் கழற்றி அதைப் பிரித்தேன். நடுவில் பெரிய சிப். அதைச் சுற்றிலும் விரல் நகம் அளவில் கறுப்புச் சதுரங்களாக மெமரி சிப்புகள். எண்ணிப் பார்த்தேன், 12. பலகையைத் திருப்பினால் முதுகிலும் 12. ஒவ்வொன்றும் 1 ஜிபி, ஆக மொத்தம் 24 ஜிபி. மெமரிக்கான ஒவ்வொரு பாதையும் 32 பிட் அகலம். 12 பாதைகள் என்றால் 384 பிட். முதுகில் இருக்கும் சிப் முன்னால் இருக்கும் சிப்போடு ஒரே பாதையைப் பாதிப் பாதியாகப் பகிர்ந்துகொள்கிறது. பல ஆண்டுகளாக எண்களாக மட்டும் படித்து வந்தது, அன்றைக்குத்தான் கைக்கு வந்தது.

அதே கணக்கை உங்கள் அட்டவணைக்குப் போட்டுப் பாருங்கள். 512-ஐ 32-ஆல் வகுத்தால் 16 இடங்கள். இன்றைய கார்டுகளில் இருக்கும் ஜிடிடிஆர்7 என்ற புதிய வகை மெமரி சிப், 2 ஜிபி, 3 ஜிபி என்ற இரண்டு அளவுகளில் வருகிறது. 16 இடத்திலும் 2 ஜிபி வைத்தால் 32. இதுதான் இப்போதைய ஆர்டிஎக்ஸ் 5090. 3 ஜிபி வைத்தால் 48. முதுகிலும் வைத்தால் 64 அல்லது 96. அந்த 96 ஜிபி, தொழில்முறை வேலைகளுக்கான ஆர்டிஎக்ஸ் புரோ 6000 பிளாக்வெல் கார்டில் இருக்கிறது. இந்த வரிசையில் 36 எங்கே வருகிறது? 36 வேண்டுமானால் 3 ஜிபி சிப் 12 வைக்க வேண்டும். அப்போது பாதை 384 பிட்டாகச் சுருங்கிவிடும். ஒரு நாள் ஒருவர் 512 பிட் என்று சொன்னதையும், வேறொரு நாள் வேறொருவர் 36 ஜிபி என்று சொன்னதையும் ஒரே வரியில் முடிச்சுப் போட்டுவிட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

ஊகமே கூடாது என்று சொல்ல நான் இந்தக் கடிதத்தை எழுதவில்லை. எனக்கு இந்தத் துறையில் தெரிந்ததில் பெரும்பகுதி, வெளிவராத கார்டுகளைப் பற்றி நண்பர்களோடு இரவெல்லாம் வாதாடிக் கற்றுக்கொண்டதுதான். 2024 செப்டம்பரில் 5090 பற்றிக் கசிந்த எண்கள் இன்னும் நினைவிருக்கின்றன: 21,760 கோர்கள் (சிப்புக்குள் கணக்குப் போடும் சிறு அலகுகள்), 512 பிட், 32 ஜிபி, 600 வாட். அவ்வளவு மின்சாரம் இழுக்கும் கார்டு கணினிப் பெட்டியில் இரண்டே ஸ்லாட் (கார்டு செருகும் இடம்) தடிமனில் அடங்கிவிடும் என்றும் சொன்னார்கள். முந்தைய 4090-இன் பெரும்பாலான மாடல்கள் செங்கல் போல மூன்றரை ஸ்லாட்டை அடைத்துக்கொண்டிருந்ததால், அதை மட்டும் எங்களில் யாரும் நம்பவில்லை. 2025 ஜனவரி 6 அன்று லாஸ் வேகாஸ் மேடையில் என்விடியாவின் தலைவர் ஜென்சன் ஹுவாங் அறிவித்தபோது மின்சாரம் ஒன்றுதான் 575 வாட் என்று சற்றுக் குறைந்திருந்தது. மற்ற எண்கள் அப்படியே இருந்தன. என்விடியாவின் சொந்தத் தயாரிப்பு இரண்டு ஸ்லாட்டுக்குள்தான் இருந்தது.

ஆராய்ந்து ஊகிப்பவர்கள் எந்தப் பிடியைப் பற்றிக்கொண்டு போகிறார்கள் என்பதைத்தான் உங்கள் கட்டுரை சொல்லியிருக்க வேண்டும். 4090-உம் 5090-உம், என்விடியாவுக்குச் சிப் தயாரித்துத் தரும் தைவான் நிறுவனமான டிஎஸ்எம்சியின் 4 நானோமீட்டர் குடும்பத்தைச் சேர்ந்த செய்முறையில் உருவானவை. செய்முறை பெரிதாக மாறாதபோது, வேகம் கூட வேண்டுமானால் சிப்பைப் பெரிதாக்க வேண்டும், மின்சாரத்தைக் கூட்ட வேண்டும். வேறு வழி குறைவு. கோர்கள் 16,384-இலிருந்து 21,760 ஆயின. அது மூன்றில் ஒரு பங்கு அதிகம். மின்சாரம் 450 வாட்டிலிருந்து 575 ஆனது. 4கே விளையாட்டுகளில் கிடைத்த வேகக் கூடுதலும் ஏறத்தாழ 30 சதவீதம்தான். இரண்டு மடங்கு என்று அப்போது பரவிய பேச்சை, செய்முறை மாறவில்லை என்ற ஒரே செய்தியை வைத்துக்கொண்டு முன்கூட்டியே தள்ளிவிட முடிந்தது. சிப்பையும் நினைத்தபடி பெரிதாக்கிவிட முடியாது. சிலிக்கான் வட்டில் ஒரே தடவையில் ஒளியால் பதிக்கக்கூடிய பரப்பின் உச்சம் 26 மில்லிமீட்டருக்கு 33 மில்லிமீட்டர், அதாவது 858 சதுர மில்லிமீட்டர். 5090-இன் சிப் இப்போதே 750 சதுர மில்லிமீட்டர். அடுத்த கார்டைப் பற்றி ஊகிக்கும் எவரும் முதலில் முட்டிக்கொள்ளும் சுவர் இது. உங்கள் பக்கத்தில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே என்பதுதான் என் ஆதங்கம்.

பொய்த்த ஊகங்களும் நிறைய உண்டு. அவையும் பாடம்தான். 2020-இல் 3090-க்கு 5,248 கோர்கள் என்று எல்லோரும் அடித்துச் சொன்னார்கள். செப்டம்பர் 1 அறிவிப்பில் 10,496 என்று வந்தது. முழு எண் கணக்கை மட்டும் செய்துவந்த பாதையைத் தசமக் கணக்கும் செய்யும்படி மாற்றியிருந்தார்கள், அதனால் கோர்களின் எண்ணிக்கையே இரட்டித்தது. போட்டி நிறுவனமான ஏஎம்டி பக்கம் இதற்கு நேர்மாறு. அதன் உயர்ந்த கார்டுக்கு 15,360 கோர்கள் என்று 2021-இல் பேச்சு. 2022 டிசம்பரில் வந்த 7900 எக்ஸ்டிஎக்ஸ் கார்டில் 6,144.

எனக்கு நேரடியாக வலித்தது வாட் கணக்கு. 2022-இன் தொடக்கத்தில் 4090-க்கு 600 வாட், அதற்கும் மேலான ரகத்துக்கு 900 வாட் என்று கண் காது மூக்கு வைத்துச் செய்திகள் வந்தன. அதை நம்பி என் சித்தப்பா மகன் 1,600 வாட் பவர் சப்ளை ஒன்றை முன்கூட்டியே வாங்கி வைத்தான். அக்டோபரில் வந்த கார்டின் அளவு 450 வாட். சோதனைப் பலகையில் வைத்திருக்கும் உச்ச வரம்புக்கும் கடைக்கு வரும் கார்டின் அளவுக்கும் இடையே உள்ள வேறுபாட்டை அந்தச் செய்திகளை எழுதியவர்கள் சொல்லவே இல்லை. ஒரு மாதச் சம்பளத்தில் பாதி அதில் முடங்கியது.

விலைப் பகுதிக்கு வருகிறேன். அமெரிக்க டாலர் விலையை ரூபாயால் பெருக்கிப் போட்டிருக்கிறீர்கள். அந்த விலையில் வரி சேராது. 5090-இன் அறிவிப்பு விலை 1,999 டாலர். அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 1,72,000 ரூபாய். 18 சதவீத ஜிஎஸ்டியைச் சேர்த்தால் 2 லட்சத்தைத் தாண்டிவிடும். இந்தியாவுக்கு என்விடியா அறிவித்த விலை 2,14,000. அதுவும் காகிதத்தில் இருந்த விலை. வெளிவந்த சில வாரங்களில் சென்னை ரிச்சி தெருவில் நான் விசாரித்த கடையில் அந்தத் தொகைக்குக் கார்டு கிடைக்கவில்லை. வெளிவராத கார்டின் விலையை இப்போதே சொல்வது எவ்வளவு ஆபத்து என்பதற்கு ஒன்று சொல்கிறேன். 2022 செப்டம்பர் 20 அன்று 4080-இன் 12 ஜிபி வடிவத்தை 899 டாலருக்கு என்விடியாவே மேடையில் அறிவித்தது. அக்டோபர் 14 அன்று அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. 2023 ஜனவரியில் அது 4070 டிஐ என்ற பெயரில் 799 டாலருக்கு வந்தது. செய்த நிறுவனமே நிறுத்தி மாற்றிய விலையை, ஓராண்டு முன்னால் நாம் எப்படி அச்சில் ஏற்றுவது?

இவ்வளவு நீளமாக எழுதக் காரணம் ஒரு மாணவி. கட்டடக்கலை இறுதியாண்டு படிக்கிறாள், எங்கள் அலுவலகத்தில் பயிற்சிக்கு வருகிறாள். சோமனூரில் நான்கு விசைத்தறி வைத்திருக்கும் அவள் அப்பா, ஒரே ஒரு முறை, தவணையில் ஒரு நல்ல கார்டு வாங்கித் தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். சென்ற ஆண்டு முழுவதும், 24 ஜிபி மெமரியோடு 'சூப்பர்' வகைக் கார்டுகள் 2026 ஜனவரியில் வந்துவிடும் என்ற செய்தியை நம்பிக் காத்திருந்தாள். ஜனவரி லாஸ் வேகாஸ் கண்காட்சியில் என்விடியா புதிய கிராபிக்ஸ் கார்டு எதையும் அறிவிக்கவில்லை. அதற்குள் செயற்கை நுண்ணறிவு மையங்களுக்கே மெமரி சிப்புகள் போய்க்கொண்டிருந்ததால், சாதாரணக் கணினிக்கான ராம் விலை கிடுகிடுவென ஏறிவிட்டது. மைக்ரான் நிறுவனம் 2025 டிசம்பரில் சாதாரண வாடிக்கையாளர்களுக்கு மெமரி விற்றுவந்த தன் 'குரூஷியல்' பிரிவையே மூடுவதாக அறிவித்தது. அவள் 8 ஜிபி மடிக்கணினியில் வீட்டு மாதிரி ஒன்றைத் தோட்டத்தோடு சேர்த்து ரெண்டர் செய்ய, அதாவது முழுப் படமாக்க, முயல்வாள். பாதியில் மெமரி போதவில்லை என்று நின்றுவிடும். மரங்களை ஒவ்வொன்றாக நீக்கிவிட்டு மறுபடி ஓட்டுவாள். அவள் வரைந்த வேப்பமரம் இல்லாத முற்றத்தைத்தான் கல்லூரியில் காட்டினாள்.

அந்தப் பெண்தான் உங்கள் பக்கத்தை மடித்துப் பையில் வைத்து எடுத்துவந்து, "சார், 36 ஜிபி வருமாமே, இன்னும் ஓராண்டு பொறுத்துக்கொள்ளட்டுமா?" என்று கேட்டாள். இன்று கிடைக்கும் 16 ஜிபி கார்டை வாங்கச் சொன்னேன். அச்சில் வந்திருப்பதால் அவள் அப்பாவுக்கு என் சொல்லைவிட உங்கள் அட்டவணையில் நம்பிக்கை அதிகம். அது நியாயமும்கூட.

எனவே அடுத்த இதழிலேயே அந்த மூன்றாவது வரிக்கு ஒரு திருத்தம் வெளியிடுங்கள். அட்டவணையில் ஒவ்வோர் எண்ணுக்கும் பக்கத்தில் அது நிறுவனம் சொன்னதா, கசிந்ததா, கட்டுரையாளர் கணக்கிட்டதா என்று ஒரு சொல் போடுங்கள். கசிந்தது என்றால் எந்த மாதம் என்றும் போடுங்கள். கார்டு வெளிவந்த பிறகு இதே அட்டவணையை உண்மை எண்களுக்குப் பக்கத்தில் வைத்து மறுபடி அச்சிட வேண்டும் என்பதும் என் வேண்டுகோள். 384 பிட், 512 பிட் கணக்கை மாணவர்களுக்குப் புரியும்படி படத்தோடு விளக்கும் கட்டுரை வேண்டுமென்றால், பிரித்து வைத்த அந்த 3090-இன் முன்புறமும் முதுகும் தெரியும் புகைப்படங்கள் என்னிடம் இருக்கின்றன. அனுப்பி வைக்கிறேன்.

அன்புடன்,
ஒரு நெடுநாள் வாசகன்,
பீளமேடு, கோவை.