700 கிராம் துப்பாக்கி வேண்டாம், பாஸ்கரா

டூசான்
ஜூன் 14

டேய் பாஸ்கரா,

மூன்று மாதமாகப் பதில் போடாதது என் தப்புதான். திட்டி முடித்துவிட்டு மேலே படி. இங்கே எல்லாரும் சுகம். மாமாவுக்கு மூட்டு ஆபரேஷன் முடிந்து நடக்கிறார். சீனு அந்த ஸ்கூட்டரை இன்னும் விற்கவில்லை, விற்கவும் மாட்டான். கிரீன் கார்டு வந்ததற்கு வாழ்த்து. எச்1பி-யில் இருந்தவரை அமெரிக்கச் சட்டப்படி, வேட்டை லைசென்ஸ் மாதிரி ஒன்றிரண்டு விலக்கு தவிர, நீ துப்பாக்கி வைத்திருக்கவே கூடாது. இப்போது கூடும். கூடும் என்றதும் முதல் வாரமே போய் அட்வான்ஸ் கொடுத்தாயே, அதற்குத்தான் இந்தக் கடிதம்.

அலாஸ்காவின் கீனாய் ஆற்றில் சால்மன் பிடிக்கப் போகும் இடத்தில் பழுப்புக் கரடி வரும், அதனால் .44 மேக்னம் ரிவால்வர், அதிலும் உடற்சட்டம் ஸ்கேண்டியம் கலந்த உலோகம், தோட்டா வைக்கும் சுழல் உருளையான சிலிண்டர் டைட்டானியம், எடை 700 கிராம் சொச்சம். "இடுப்பில் இருப்பதே தெரியாது" என்று நாலாம் பக்கத்தில் அடிக்கோடு வேறு போட்டிருக்கிறாய். இடுப்பில் தெரியாதுதான். சுடும்போது தெரியும்.

கணக்கு சுலபம். அதே தோட்டாவை 4 அங்குலக் குழலுள்ள முழு எஃகு ரிவால்வரில் சுட்டால் துப்பாக்கி ஏறக்குறைய 1,175 கிராம். உன்னுடையது 710. உதைப்பின் ஆற்றல் எடைக்கு நேர் எதிராகப் போகும், அதாவது ஒன்றரை மடங்குக்கும் மேல். மணிக்கட்டு வலிப்பதைச் சொல்லவில்லை, அது உன் பாடு. நான் சொல்வது சிலிண்டருக்குள் நடப்பது. துப்பாக்கி படாரென்று பின்னால் வரும்போது, சுடாமல் மிச்சமிருக்கும் தோட்டாக்களின் கூடு அதோடு பின்னால் வருகிறது. குண்டோ இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கிறது. கூட்டின் வாயை மடித்து இறுக்கியிருக்கும் பிடிதான் இரண்டையும் சேர்த்து வைத்திருக்கிறது. அந்தப் பிடி போதாவிட்டால், ஒவ்வொரு வெடிக்கும் குண்டு கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் நகரும். நாலாவது ஐந்தாவது வெடியில் குண்டின் மூக்கு சிலிண்டருக்கு வெளியே நீட்டிக்கொண்டு உடற்சட்டத்தில் முட்டும். சிலிண்டர் சுற்றாது, வெளியே சாயவும் சாயாது. "ரிவால்வர் சிக்கவே சிக்காது" என்று உன் கடைக்காரர் சொன்னாராம். இதைச் சொன்னாரா என்று கேள்.

இதைச் சோதிக்க வெர்னியர் காலிப்பர் ஒன்று போதும். பாலிடெக்னிக்கில் நீ தொலைத்த மாதிரி ஒன்று. ஒரு தோட்டாவில் பேனாவால் குறி வைத்து நீளத்தை அளந்துகொள். ஆறையும் நிரப்பி, குறி வைத்தது கடைசியாக வருமாறு ஐந்தைச் சுடு. வெளியே எடுத்து மறுபடி அள. நீளம் கூடியிருந்தால் அந்தப் பெட்டித் தோட்டா அந்தத் துப்பாக்கிக்கு ஆகாது. இரண்டு மூன்று முறை செய்து பார்க்காமல் ஆற்றங்கரைக்கு எடுத்துப் போகாதே.

சிலிண்டர் இல்லாமல் கைப்பிடியிலிருந்து தானே தோட்டா ஏற்றிக்கொள்ளும் பிஸ்டல் வாங்கினால் தப்பித்தாயா? இல்லை. அங்கே இதே கதை தலைகீழாக நடக்கும். தினமும் தோட்டாவைக் குழலின் பின்பக்க அறையில் ஏற்றுவாய், ராத்திரி இறக்குவாய், காலையில் அதே தோட்டாவை மறுபடி ஏற்றுவாய். ஒவ்வொரு தடவையும் குண்டின் மூக்கு அந்த அறை வாயிலின் சரிவில் இடித்து, குண்டு கூட்டுக்குள் அமுங்கும். உள்ளே இடம் குறைந்தால் வெடிக்கும்போது அழுத்தம் ஏறும். கரடிக்கென்று எடுக்கும் பிஸ்டல் தோட்டாவான 10 மி.மீ. ஆட்டோவின் அனுமதி அழுத்தமே 37,500 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு). அதில் விளையாட்டு வேண்டாம். இரண்டு மூன்று முறை ஏறி இறங்கிய தோட்டாவைப் புதிதோடு பக்கத்தில் நிறுத்திப் பார். குட்டையாகத் தெரிந்தால் சுடாதே, ஒதுக்கு.

அந்த 37,500-ஐப் பார்த்தாயா? .44 மேக்னத்துக்கு 36,000. இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று. வித்தியாசம் நீளத்தில். பிஸ்டல் தோட்டா கைப்பிடிக்குள் அடங்க வேண்டும், அதனால் 10 மி.மீ. முழுத் தோட்டாவே 32 மி.மீ.தான். .44 கிட்டத்தட்ட 41 மி.மீ., கூடவே அகலமும் அதிகம். 13 கிராம் குண்டை நல்ல 10 மி.மீ. தோட்டா நொடிக்கு 365 மீட்டரில் தள்ளும், சுமார் 870 ஜூல். .44, பதினைந்தரை கிராம் குண்டை 410 மீட்டரில் தள்ளினால் 1,300 ஜூல். .500 ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 3,000-ஐத் தாண்டும். அதை நிமிர்த்திப் பிடிக்கவே இரண்டு கிலோ இரும்பும் ஐந்தே தோட்டாவும். அந்தச் சக்தி வேண்டுமென்றால் ரிவால்வர்தான், வேறு வழி கிடையாது. டெசர்ட் ஈகிள் என்று ஆரம்பிக்காதே. அது வாயுவால் இயங்குவது, ஈயக் குண்டு போட்டால் வாயுத் துளை அடைத்துக்கொள்ளும், எடை இரண்டு கிலோ. சினிமாவுக்கு அழகு.

கரடிக்கு 870 ஜூல் போதுமா என்று கேட்பாய். எங்கே படுகிறது என்பதைப் பொறுத்தது. கிரீன்லாந்தில் நாய்ச்சறுக்கு வண்டியில் ரோந்து போகும் டென்மார்க்கின் சிரியஸ் படை இடுப்பில் வைத்திருப்பது கிளாக் 20 பிஸ்டல், அதே 10 மி.மீ. (ரைபிளும் உண்டு அவர்களிடம், அதை மறக்காதே.) கைப்பிடிக்குள் செருகும் மேகசினில் 15 தோட்டா. டிரிகர் இழுப்பு சுமார் இரண்டரை கிலோ. ரிவால்வரில் சுத்தியலைப் பின்னால் இழுத்து வைக்காமல் சுட்டால் ஐந்து கிலோவுக்குப் பக்கம். இரண்டாவது குண்டை எவ்வளவு சீக்கிரம் அதே இடத்தில் போட முடிகிறது என்பதில் பிஸ்டல்தான் ஜெயிக்கும், உன்னை மாதிரி புதிதாகப் பழகுகிறவனுக்கு இன்னும் அதிகமாக.

ஆனால் பிஸ்டல் உன் கையையும் நம்பி ஓடும் யந்திரம். மணிக்கட்டைத் தளர்த்திப் பிடித்தால், முன்னும் பின்னும் ஓடும் மேல்பாகமான ஸ்லைடு முழுதாகப் பின்னால் போகாது, காலிக்கூடு மாட்டிக்கொள்ளும். கரடி மேலேயே விழுந்து, குழல் முனை அதன் உடம்பில் அழுந்தினால் ஸ்லைடு சற்றே பின்னால் நகரும், சுடாது. ரிவால்வருக்கு இந்தக் கவலை கிடையாது. நிறைய பேர் கனத்த தோட்டாவுக்கென்று ஸ்லைடை முன்னால் தள்ளும் ஸ்பிரிங்கை இன்னும் விறைப்பான 22 பவுண்டுக்கு மாற்றுகிறார்கள். அப்புறம் மேகசின் தோட்டாவை மேலே தள்ளுவதற்குள் ஸ்லைடு முந்திக்கொண்டு மூடிவிடுகிறது என்று புலம்புகிறார்கள். கம்பெனி போட்ட ஸ்பிரிங்கைத் தொடாதே. கெட்டி ஈய வார்ப்புக் குண்டில் தட்டை மூக்கு சரிவில் முட்டுகிறதா என்று பார்க்க, அதே தோட்டாவில் 200 சுடு. செலவு என்று அழாதே. கிளாக்கின் சொந்தக் குழலில் ஈயக் குண்டு வேண்டாம் என்பது தயாரிப்பாளர் சொல்வது. அதனால் ஒன்று செம்பு உறையிட்டது வாங்கு, இல்லாவிட்டால் குழலை மாற்று. இன்னொன்று, கடையில் கிடைக்கும் பல 10 மி.மீ. பெட்டிகள் பலம் குறைந்த .40 தோட்டா அளவுக்கே மருந்து நிரப்பியவை. குண்டின் எடை 180 கிரெயின், வேகம் நொடிக்கு 1,030 அடி என்று போட்டிருந்தால் அது காகித இலக்குக்கு.

ரிவால்வருக்கும் பராமரிப்பு உண்டு. காலிக்கூட்டைத் தள்ளும்போது குழலை வானத்தைப் பார்க்க வைத்து ஒரே தட்டாகத் தட்டு. எரியாத வெடிமருந்துத் துகள், கூட்டை வெளியே தள்ளும் நட்சத்திரத் தகட்டுக்கு அடியில் சிக்கினால் சிலிண்டர் முறுக்கிக்கொள்ளும். பழைய டூத்பிரஷ் ஒன்று பையில் போடு. விரலைச் சிலிண்டருக்கு முன்னால் நீட்டாதே, அந்த இடைவெளியில் பீறிடும் வாயு தோலைக் கிழிக்கும்.

இதெல்லாம் இருக்கட்டும், மிளகாய் ஸ்பிரே வாங்கினாயா? அதைப் பற்றி ஒரு வரி இல்லை உன் கடிதத்தில். அலாஸ்காவில் அதைப் பயன்படுத்திய சம்பவங்களைத் தொகுத்து 2008-ல் வந்த ஆய்வில், பழுப்புக் கரடியிடம் 92 சதவீதம் வேலை செய்தது. விமானத்தில் ஏற்ற விடமாட்டார்கள், ஆங்கரேஜில் வாங்கிக்கொள். துப்பாக்கி குண்டில்லாமல் பூட்டிய கெட்டிப் பெட்டியில், கவுண்டரில் சொல்லிவிட்டுப் போகலாம். முதலில் ஸ்பிரே. சுடத்தான் வேண்டியிருந்தால், அப்புறம் தோலை நகத்தோடும் மண்டையோட்டையும் கழற்றி மாநில அரசிடம் ஒப்படைப்பது உன் வேலை. அலாஸ்கா விதி அது. மழையில் உட்கார்ந்து கரடி உரிப்பது எப்படி இருக்கும் என்று யோசி, கோழி உரிக்கவே உனக்கு வராது.

இடுப்பு உறையை மறந்துவிடு. ஆற்றில் இறங்கப் போடும் ரப்பர் உடைக்குள் அது மாட்டிக்கொள்ளும். நெஞ்சில் குறுக்காகக் கட்டும் உறைதான்.

இனி முடிவு. 700 கிராமை ரத்து செய். அட்வான்ஸ் போனால் போகட்டும். கிளாக் 20-ஆ, நாலு அங்குல எஃகு .44-ஆ என்பதை உன் கை சொல்லும். கிளாக்கின் கைப்பிடிக்குள் 15 தோட்டா இருப்பதால் அது பருமன், இழைத்துக் குறைக்க முடியாது. ரிவால்வர் பிடிக்குள் ஒன்றும் இல்லை, சின்னதாக ரப்பர் பிடி மாற்றிக்கொள்ளலாம். உனக்கோ கேரம் போர்டு கை, மூர்த்தி வைத்த பெயர் தப்பாது. ஆகவே காகிதத்தில் வலது கையை விரித்து வரைந்து, கட்டைவிரல் இடுக்கிலிருந்து ஆள்காட்டி விரலின் முதல் மடிப்பு வரை மில்லிமீட்டரில் அளந்து அனுப்பு. கையுறை போட்டும் ஒரு தடவை.

உன்
கணேசன்

பி.கு.: வாங்கும்வரை வாடகைத் துப்பாக்கி கிடைக்கும் சுடுகளத்தில் இரண்டையும் 50 தோட்டா சுட்டுப் பார். மூர்த்தியிடம் இப்போதைக்குச் சொல்லாதே, அவனுக்கும் ஒன்று வேண்டும் என்பான்.