சிக்கெடுக்க இழுக்கும்போதுதான் வயர் அறுகிறது

ஆசிரியர் அவர்களுக்கு,

நத்தார் சோடனைகள் இறங்கும் நாட்கள் இவை. கொழும்பில் கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் பல்கனிகளிலிருந்து கழற்றப்படும் மின்குமிழ்ச் சரங்கள் பெரும்பாலும் ஒரு சொப்பிங் பைக்குள் திணிக்கப்பட்டு அலுமாரிக்கு மேலே போய்ச் சேரும். தொடர்மாடிகளில் அதே சரங்கள் மே மாதம் வெசாக்கிற்கும், பிறகு தீபாவளிக்கும் வெளியே வருகின்றன. வருடத்துக்கு இரண்டு மூன்று முறை ஏறி இறங்கும் பொருளை எப்படி எடுத்து வைக்க வேண்டும் என்று பெட்டியில் யாரும் எழுதுவதில்லை. ஆகவே இக்கடிதம்.

சிக்கெடுக்க இழுக்கும்போது அந்த இழுவை முழுவதும் மின்குமிழின் அடியில் வயர் நுழைகிற இடத்தில் விழுகிறது. அங்கே உள்ள செப்பு இழைகள் மிக மெல்லியவை. வெளியுறை முழுதாகத் தெரியும், உள்ளே இழை அறுந்திருக்கும். தொடராக இணைத்த சரமென்றால் ஓரிடம் அறுந்தாலே அந்தப் பகுதி முழுவதும் அணைந்துவிடும். உறை பிளந்தால் இன்னும் மோசம், அதற்குள் ஓடுவது 230 வோல்ற்று. பிள்ளைகள் தொடும் உயரத்தில், மழை நனைக்கும் கம்பிக் கிராதியில் இவற்றைக் கட்டுகிறோம் என்பதை மறக்கக் கூடாது.

நேராக வைத்த சரம் தானாக எப்படி முடிச்சுப் போட்டுக்கொள்கிறது என்று பலரும் வியப்பார்கள். 2007இல் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தைச் சேர்ந்த ரேமர், ஸ்மித் என்ற இருவர் இதைச் சோதித்து வெளியிட்டார்கள். பெட்டியொன்றில் நூலைப் போட்டு, ஆயிரக்கணக்கான தடவைகள் சுழற்றிப் பார்த்தார்கள். சில விநாடிகளிலேயே முடிச்சு விழுந்தது. அரை மீற்றருக்கும் குறைந்த நூலில் விழவில்லை. நீளம் கூடக் கூட விழும் வாய்ப்பும் கூடியது. காரணம் இலகுவானது: சுருண்டு கிடக்கும் வளையங்களுக்கு இடையே நூலின் நுனி மேலும் கீழுமாக நுழைந்து போகிறது. அப்படியானால் இரண்டு நுனிகளும் அசையாதபடி கட்டி, சுருளும் குலுங்காதபடி இறுக்கமாக இருந்தால் முடிச்சுக்கு வழியில்லை. கீழே சொல்லும் முறைகள் எல்லாவற்றுக்கும் இதுவே அடிப்படை.

கழற்றுவதற்கு முன் ஒரு தடவை எரியவிட்டு, எரியாத இடத்தில் நிறநூல் ஒன்றைக் கட்டுங்கள். பிறகு பிளக்கைக் கழற்றி, ஈரத் துணியை நன்றாகப் பிழிந்து சரம் முழுவதையும் துடைக்க வேண்டும். காலி வீதியிலிருந்து கடல்பக்கம் உள்ள வீடுகளில் இதைத் தவறவிடவே கூடாது. வயரில் படிந்த உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். அடுத்த முறை எடுக்கும்போது மின்குமிழின் கால்களில் பச்சைக் களிம்பு பூத்திருக்கும். துடைத்ததை மின்விசிறிக்குக் கீழே ஒரு நாள் உலர விடுங்கள். வெயிலில் போட வேண்டாம், வயரின் பிளாஸ்டிக் உறை விறைத்துப் போகும்.

சுற்றுவதற்கு 30 சென்ரிமீற்றர் நீளமும் 20 சென்ரிமீற்றர் அகலமும் உள்ள கெட்டியான மட்டை போதும். பழைய பிளாஸ்டிக் கோப்பின் அட்டை இன்னும் நல்லது, காட்போட் கொழும்பு ஈரத்தில் நமத்துக் கரப்பானுக்கு இரையாகிறது. மட்டையின் இரு குறுகிய நுனிகளிலும், நடுவில் 10 சென்ரிமீற்றர் அகலத்துக்கு, 2.5 சென்ரிமீற்றர் ஆழமாக வெட்டிவிடுங்கள். இரு பக்கமும் கொம்புபோல் நிற்கும் துண்டுகள் வயரை நழுவ விடா. ஒரு மூலையில் சிறு கீறல் போட்டு, பிளக் இல்லாத நுனியை அதில் முதலில் செருகுங்கள். இப்படித் தொடங்கினால் பிளக் கடைசியாக வெளிப்புறத்தில் வந்து நிற்கும். அடுத்த முறை கட்டும்போதும் பிளக் பக்கமிருந்தே தொடங்கலாம். ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ அரை மீற்றர் போகும், 10 மீற்றர் சரம் 20 சுற்றில் முடிந்துவிடும். ஒரு வரிசை நிரம்பியதும் மேலே ஒரு தாளை வைத்து அடுத்த வரிசையைச் சுற்றினால் மின்குமிழ்கள் கீழ் வயரில் கொளுவிக்கொள்ளா.

இங்கே பலர் தவறுகிற இடம் ஒன்றுண்டு. மட்டையை அசையாமல் பிடித்துக்கொண்டு வயரை அதன்மேல் சுற்றக் கூடாது. மட்டையைப் புரட்டிப் புரட்டி வயரை ஏற்ற வேண்டும். மட்டை நிற்க வயர் சுற்றினால், ஒவ்வொரு சுற்றுக்கும் வயரில் ஒரு முறுக்கு ஏறும். உள்ளங்கைக்கும் முழங்கைக்கும் இடையே சுற்றும் வழக்கத்திலும் இதே கோளாறுதான். முறுக்கேறிய வயர் கையை விட்டதும் தன்மேல் தானே பின்னிக்கொள்ளும். எடுக்கும்போதும் அவ்வாறே மட்டையைப் புரட்டியே அவிழ்க்க வேண்டும், பக்கவாட்டில் உருவி எடுக்கக் கூடாது.

எல்.ஈ.டி. சரங்களில் பிளக்கை அடுத்து ஒரு சிறிய கட்டுப்பாட்டுப் பெட்டி இருக்கும். அதை மட்டைக்கு வெளியே தளர்வாக விடுங்கள். அதைச் சுற்றி வயரை இறுக்கினால் பெட்டிக்குள் வயர் நுழையும் இடம் ஒடிந்துபோகும். திரைபோல் தொங்கும் சரங்களை மட்டையில் சுற்றவே வேண்டாம். மேசைமேல் நீட்டி, தொங்கும் இழைகளைத் தலைவயரோடு சேர்த்து, ஒவ்வொரு 30 சென்ரிமீற்றரிலும் துணிப்பட்டியால் கட்டி, சேலை மடிப்பதுபோல் மடித்து வைக்கலாம். கயிறுபோல் வளையும் குழாய் வடிவ விளக்குகளை 30 சென்ரிமீற்றர் விட்டத்துக்குக் குறையாமல் வளையமாகச் சுற்றுங்கள். பற்றரியில் எரியும் மெல்லிய செப்புக்கம்பிச் சரங்களைப் போத்தலில் சுற்றிப் பற்றரியைக் கழற்றிவிடுங்கள், கசிந்தால் முனைகள் அரிக்கும். பொத்தான் பற்றரிகளைக் கட்டாயம் பிள்ளைகளுக்கு எட்டாமல் வைக்க வேண்டும். விழுங்கினால் சில மணித்தியாலங்களிலேயே உணவுக்குழாயை எரித்துவிடும்.

கோயில்களிலும் தேவாலயங்களிலும் பாவிக்கும் தடித்த வயர்ச் சரங்களுக்கு வேறு முறை. மின்குமிழ்களைக் கழற்றித் தனியே அடுக்கிவிட்டு, வயரை 60 சென்ரிமீற்றர் வளையங்களாகச் சுருட்ட வேண்டும். ஒரு வளையத்தை வழக்கம்போலவும் அடுத்ததை மணிக்கட்டைத் திருப்பி உள்வாட்டமாகவும் போட்டால், முன்னதில் ஏறிய முறுக்கைப் பின்னது கழித்துவிடும். மூன்று இடங்களில் கட்டி, நுனி வளையத்துக்குள் புகாதபடி வெளியே பிணைத்துவிடுங்கள். நுனி உள்ளே புகுந்தால், இழுக்கும்போது வரிசையாக முடிச்சு விழும். இந்தப் பயிற்சியைத் திருவிழாச் சோடனைக் குழுக்கள் இளையவர்களுக்குக் கற்றுக்கொடுப்பது மிக அவசியம்.

கட்டுவதற்கு இறப்பர் பட்டி வேண்டாம். நமது வெக்கையில் இளகி வயரில் ஒட்டிக்கொள்ளும். செலோரேப்பும் பசையை விட்டுப்போகும். கம்பி உள்ள கட்டுகள் உறையைக் கீறும். கிழிந்த பருத்தித் துணியின் ஒரு விரல் அகலப் பட்டியே நல்லது. ரிஜிபோம் (வெள்ளை நுரைப் பிளாஸ்டிக்) பெட்டிக்குள் சரத்தை நேரடியாக வைக்க வேண்டாம் என்று குறிப்பாகச் சொல்ல விரும்புகிறோம். வயரின் பீ.வீ.சீ. உறையை மிருதுவாக வைத்திருக்கும் பொருள் ரிஜிபோமுக்குள் இறங்கி அதைக் கரைக்கிறது, உறையோ மிருது இழந்து வெடிக்கிறது. இறுக மூடும் பிளாஸ்டிக் பெட்டியில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொதிகள் இரண்டு மூன்றோடு வையுங்கள். எலியும் இலகுவில் அணுகாது. கூரைத் தகட்டுக்கு நேர் கீழே மட்டும் வேண்டாம், சூடு உறையைக் காய வைத்துவிடும்.

உறை பிளந்த சரத்துக்கு ரேப் சுற்றி ஒப்பேற்றக் கூடாது. பிளக்கை வெட்டி, வேறொருவர் மீண்டும் சொருக முடியாதபடி செய்து, மின்னணுக் கழிவு சேகரிப்போரிடம் கொடுங்கள். செப்புக்காக எரிப்பவர்களும் இருக்கிறார்கள். அந்தப் புகையில் ஐதரசன் குளோரைட்டு வாயு உண்டு, தோட்டம் என்று நாம் சொல்லும் நெருக்கமான நகரக் குடியிருப்புகளில் அது பக்கத்து வீட்டுக் குழந்தையின் நெஞ்சுக்குள் போகிறது.

புறக்கோட்டையில் இவற்றை இறக்குமதி செய்து விற்போரிடம் எங்கள் வேண்டுகோள்: ஒவ்வொரு பெட்டியிலும் வெட்டிய மட்டை ஒன்றைச் சேருங்கள். சரத்தின் நீளம், வோல்ற்று, மின்குமிழ் மாற்றக்கூடியதா என்பவற்றைத் தமிழிலும் சிங்களத்திலும் அச்சிடுங்கள். ஐ.பி. என்பது தூசும் நீரும் உட்புகாத தரத்தைக் காட்டும் எண். ஐ.பி.20 என்று குறித்தது வீட்டுக்குள் மட்டும், பல்கனிக்கு ஐ.பி.44 தேவை என்பதைப் பணம் வாங்கும்போதே சொல்லுங்கள்.

இப்படிக்கு,
மின்னிணைப்பு வேலை செய்வோர் சிலர்,
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13.