கைமாறிய சாவியும் கைமாறாத முகவரியும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த தை மாதம் நானும் என் மனைவியும் மயிலாடுதுறையிலிருந்து சென்னை நங்கநல்லூரில் ஒரு வாடகை வீட்டுக்குக் குடிவந்தோம். மார்கழியில் வீடு மாறக் கூடாது என்று கேட்டு வளர்ந்தவர்கள் என்பதால், மகள் பார்த்துவைத்த வீட்டுக்கு அந்த மாத வாடகையை வெறுமனே கொடுத்துவிட்டு, தை பிறந்த பிறகே பால் காய்ச்சினோம். சாமிப் படமும் உப்பும் மஞ்சளும் நிறைகுடமும் முதலில் உள்ளே போயின. வீட்டு உரிமையாளர் மூன்று சாவிகளையும், மின் கணக்கீட்டு அட்டையையும், மோட்டார் போட வேண்டிய நேரத்தை எழுதிய ஒரு துண்டுத்தாளையும் கொடுத்தார். குறை சொல்ல முடியாத மனிதர்; சுவருக்குப் புதுச் சுண்ணாம்புகூட அடித்துவைத்திருந்தார். இவ்வளவு ஒழுங்காகக் கைமாறிய வீட்டில் ஒன்று மட்டும் கைமாறவில்லை என்பது மூன்றாம் நாள் மாலையில்தான் எங்களுக்குத் தெரிந்தது.

அன்று அழைப்பு மணி அடித்தது. கதவைத் திறந்தால், கையில் துணிப்பையோடு ஓர் இளம்பெண். “தாத்தா, இங்க ஆரி வொர்க் பண்ற அக்கா இருக்காங்களா?” என்று கேட்டார். எங்களுக்கு முன்பு இந்த வீட்டில் இருந்தவர் ரவிக்கை தைத்து, அதில் ஆரி என்னும் ஊசிப் பூவேலையும் செய்து கொடுத்துவந்த பெண்மணி என்றும், இப்போது மடிப்பாக்கம் பக்கம் குடிபோய்விட்டார் என்றும் உரிமையாளர் வழியாகப் பிறகு அறிந்தேன். அவர் கடையை எடுத்துச் சென்றுவிட்டார். ஆனால் கைபேசி வரைபடத்தில் அவரது கடை எங்கள் வரவேற்பறையிலேயே இருக்கிறது. வேலை நேரம், வாசல் படம், நாற்பதுக்கும் மேற்பட்ட பாராட்டுகள் எல்லாம் அப்படியே உள்ளன. கல்யாண மாதம் நெருங்க நெருங்க, வாரத்துக்கு நான்கைந்து பேர் ரவிக்கைத் துணியோடு வந்து நின்றார்கள். அவர்களில் ஒருவர், கோபத்திலோ களைப்பிலோ, அந்தக் கடையின் பக்கத்தில் ஒற்றை நட்சத்திரம் போட்டு, “போய்ப் பார்த்தேன், வயதானவர் ஒருவர் இங்கே யாரும் தைப்பதில்லை என்கிறார்” என்று எழுதிவிட்டார். முப்பத்திரண்டு ஆண்டுகள் பள்ளியில் மதிப்பெண் போட்ட எனக்கு, ஓய்வுபெற்ற பிறகு உண்மையைச் சொன்னதற்காக ஒரு மதிப்பெண் கிடைத்தது.

இந்த வரைபடத்தால் நன்மை பெற்றவனும் நான்தான் என்பதை மறைக்கக் கூடாது. சென்னை உட்படப் பத்து இந்திய நகரங்களில் 2022 ஜூலையில் அறிமுகமான வீதிக்காட்சி வசதியைக் கொண்டு, மயிலாடுதுறைத் திண்ணையில் உட்கார்ந்தபடியே இந்தத் தெருவில் நடந்து பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குச் சரி என்றேன். தெருமுனை அரசமரம், இஸ்திரி வண்டி, மாடியில் காயும் யாருடைய சேலையோ, எல்லாம் தெரிந்தன. ஆனால் அந்தப் படம் எடுத்த நாளிலேயே உறைந்து நிற்கிறது. வந்து பார்த்தபோது இஸ்திரி வண்டி இருந்த இடத்தில் இருசக்கர வாகனங்கள் நின்றன.

வேடிக்கையாகத் தொடங்கியது, மின் கட்டணத்தில் சற்றுக் கவலையாக மாறியது. தமிழகத்தில் வீட்டு இணைப்புகளுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுப்பு நடக்கிறது. தொகையும் கடைசித் தேதியும் அந்த இணைப்பில் பதிவான கைபேசி எண்ணுக்குக் குறுஞ்செய்தியாகப் போகின்றன. எங்கள் இணைப்பில் இருந்தது பழைய குடித்தனக்காரரின் எண். தவிர, பணம் செலுத்தும் செயலியில் ஒருமுறை இணைப்பு எண்ணைச் சேமித்துவிட்டால், நாம் வீடு மாறினாலும் அது தவறாமல் நினைவூட்டிக்கொண்டே இருக்கும். அந்தப் பெண்மணி பழக்கத்தில் விரலை அழுத்தி, எங்கள் முதல் கட்டணம் முழுவதையும் செலுத்திவிட்டார். செலுத்திய பிறகுதான் அவருக்கு உறைத்திருக்கிறது. உரிமையாளரிடம் எண் வாங்கி, மிகுந்த கூச்சத்தோடு என்னை அழைத்தார். அன்றே பணத்தைத் திருப்பி அனுப்பினேன். எவர் பக்கமும் தவறில்லை. ஆயினும் நாங்கள் எத்தனை யூனிட் எரிக்கிறோம், ஊருக்குப் போய்விட்டோமா, வீட்டில் விருந்தினர் வந்து மின்விசிறி கூடுதலாக ஓடியதா என்பதையெல்லாம் மடிப்பாக்கத்தில் இருக்கும் ஒருவர் விரும்பாமலே அறிந்துகொள்ளும் நிலை சரியானதா என்று யோசிக்க வேண்டியிருக்கிறது. அவர் நல்லவர். எல்லா வீட்டிலும் முன்பு இருந்தவர் அப்படியே இருப்பார் என்று சொல்ல முடியுமா?

இதில் இன்னோர் ஆபத்தும் ஒளிந்திருக்கிறது. “கடந்த மாதக் கட்டணம் பதிவாகவில்லை, இன்று இரவு 9.30 மணிக்கு மின்சாரம் துண்டிக்கப்படும், உடனே இந்த எண்ணை அழைக்கவும்” என்னும் பொய்க் குறுஞ்செய்தி 2022 வாக்கில் நாடெங்கும் பரவி, அழைத்தவர்களின் கைபேசியில் ஏதோ ஒரு செயலியை நிறுவச் சொல்லி வங்கிக் கணக்கைத் துடைத்தது பலருக்கு நினைவிருக்கலாம். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுக்கும் நம் ஊரில் “கடந்த மாதக் கட்டணம்” என்ற சொல்லே அது பொய் என்று காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் புதிதாகக் குடிவந்தவருக்கு அந்தத் துணிவு வருவதில்லை. உண்மையான குறுஞ்செய்தி தனக்கு வராது, கட்டணம் கட்டியாயிற்றா என்பதும் தெரியாது என்றிருப்பவர், பொய்யான குறுஞ்செய்தி வந்தால் பதறத்தான் செய்வார்.

வீட்டு உரிமையாளர்களும் தப்பவில்லை. எங்கள் உரிமையாளர் இவ்வீட்டை இணையத்தில் விளம்பரம் செய்தபோது, ராணுவ அதிகாரி என்று சொல்லிக்கொண்ட ஒருவர் வீட்டைப் பார்க்காமலே சம்மதம் தெரிவித்து, முன்பணம் அனுப்புவதாகச் சொல்லி ஒரு க்யூஆர் குறியீட்டை அனுப்பியிருக்கிறார். அதை ஸ்கேன் செய்து ரகசிய எண்ணைப் போட்டால் பணம் வந்துவிடும் என்பது அவர் வாக்கு. பணம் பெறுவதற்கு ரகசிய எண் ஒருபோதும் தேவையில்லை, கொடுப்பதற்குத்தான் தேவை என்பதை உரிமையாளரின் கல்லூரி செல்லும் பேத்தி சொன்னதால் அவர் தப்பினார். ஏமாந்தவர்கள் இணையக் குற்றப் புகாருக்கான 1930 என்ற உதவி எண்ணை உடனடியாக அழைத்தால் பணத்தை வழியில் நிறுத்த வாய்ப்புண்டு. நாள் கடந்தால் அந்த வாய்ப்பு குறைந்துவிடும்.

நம் மாநிலத்தில் வாடகை உறவுக்கென்று 2017ஆம் ஆண்டின் சட்டம் இருக்கிறது. 2019 பிப்ரவரி முதல் நடைமுறையிலும் உள்ளது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், அதை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும் என்கிறது அது. முன்பணத்துக்கு மூன்று மாத வாடகை என்று அது வகுத்த அளவும் பத்து மாத முன்பணம் கேட்கும் சென்னை வழக்கமும் எவ்வளவு தூரத்தில் நிற்கின்றன என்பது தனிக் கடிதத்துக்கு உரியது. நான் கேட்பது அதைவிடச் சிறியது. எங்கள் ஒப்பந்தத்தில் சுவரில் ஆணி அடிக்கக் கூடாது, வாசலில் செருப்பு அலமாரி வைக்கக் கூடாது, மாடியில் வடாம் காயவைக்க முன்கூட்டிச் சொல்ல வேண்டும் என்றெல்லாம் பதினான்கு நிபந்தனைகள் இருக்கின்றன. மின் இணைப்பில் யாருடைய கைபேசி எண் இருக்கும், அதைக் காலி செய்யும் நாளில் யார் மாற்றுவது என்பது பற்றி ஒரு வரியும் இல்லை. ஆவண எழுத்தர்கள் பல காலமாகப் படியெடுத்துவரும் அந்த வாசகங்களோடு இதையும், முன்னவர் இம்முகவரியில் நடத்திய தொழிலின் இணையப் பதிவை மாற்றித் தருவதையும் ஒரு நிபந்தனையாகச் சேர்க்கலாம். வாடகை ஒப்பந்தத்தைப் பதிவு செய்யும் அரசு இணையதளத்திலும் மின் இணைப்பு எண்ணுக்கு ஓர் இடம் ஒதுக்கி, பதிவு முடிந்ததும் புதியவரின் கைபேசி எண் அந்த இணைப்பில் ஏறும்படி இரு துறைகளும் கைகோத்தால், எண்ணை மாற்ற மின்வாரியப் பிரிவு அலுவலகத்துக்கு அலையும் வேலையும் மிச்சமாகும்.

எங்கள் மட்டில், மின் இணைப்பில் என் எண் ஏறிவிட்டது. வரைபடத்தில் கடை இடம் மாறிவிட்டதாகத் திருத்தம் கோரியிருக்கிறேன். அந்தப் பெண்மணியும் தம் பங்குக்கு முயன்றுவருகிறார். அது சரியாகும்வரை, மடிப்பாக்க முகவரியை ஒரு தாளில் எழுதி வாசல் கதவில் ஒட்டியிருக்கிறேன். சுவரில்தான் ஆணி அடிக்கக் கூடாதே! தங்கள் நாளிதழ் நங்கநல்லூரில் பல வீடுகளுக்கு வருகிறது என்பதால் ஒரு சிறு வேண்டுகோள். பங்குனி, சித்திரை முகூர்த்தங்களுக்கு ரவிக்கை தைக்கக் கொடுக்க வருவோர், மணியை அடிக்கும் முன் அந்தத் தாளைப் படித்துக்கொள்ளும்படி இக்கடிதத்தின் வழியே தெரிவித்துக்கொள்கிறேன். மதியம் இரண்டு முதல் நான்கு மணிவரை நாங்கள் உறங்கும் நேரம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர்,
நங்கநல்லூர், சென்னை.