டெர்ம் முடிவு கடிதம், கூடவே அந்த சப்ஜெக்ட் ஃபார்ம் பத்தி

அன்புள்ள பெற்றோர்களுக்கும், அவங்க கோலாலம்பூர்லயும் சிங்கப்பூர்லயும் இருக்கிறதால இங்க பிள்ளைங்கள பாத்துக்கிற தாத்தா பாட்டிகளான ஐயா, அப்பத்தா, ஆயாமார்களுக்கும் வணக்கம்.

டெர்ம் நல்லபடியா முடிஞ்சுது. ஸ்போர்ட்ஸ் டே அன்னைக்கு மழையும் கொஞ்சம் பொறுத்துக்கிச்சு. கோகோ, குவிஸ், சயின்ஸ் எக்ஸ்போ எல்லாத்துலயும் நம்ம பிள்ளைங்க நல்லா பண்ணாங்க, எல்லாருக்கும் வாழ்த்துகள். ஃபுட் ஸ்டால்ல சீயமும் கந்தரப்பமும் 11 மணிக்கே காலி, எனக்கு ஒண்ணு கூட மிஞ்சல, அத தனியா பேசிக்கலாம். பிள்ளையார் நோன்பு இந்த தடவை லீவுக்குள்ளயே வந்துருது, அதனால லீவு லெட்டர் யாரும் அனுப்ப வேண்டாம்.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். பத்தாம் கிளாஸ் பிள்ளைங்க கிட்ட நவம்பர்ல ஒரு ஃபார்ம் குடுத்து விட்டோம், அடுத்த ரெண்டு வருஷம் ஐபி டிப்ளமால (இன்டர்நேஷனல் பேக்கலாரியேட், பிளஸ் ஒன் பிளஸ் டூக்கு பதிலா நம்ம ஸ்கூல்ல இருக்கிற சர்வதேச பாடத்திட்டம்) என்னென்ன சப்ஜெக்ட் படிக்கப் போறாங்கன்னு. 31 பேருக்கு குடுத்தோம், திரும்பி வந்தது 12. அதுல 7 பேர், என்ன ஆகணும்னு கேக்குற கடைசி கட்டத்துல டாக்டர்னு எழுதியிருக்காங்க. சந்தோஷம். ஆனா அந்த 7ல 4 ஃபார்ம்ல பிசிக்ஸ் இல்ல.

ஒரு ஃபார்ம ஒரு ஐயா அவரே நேர்ல கொண்டு வந்தார், சட்டைப் பையில நாலா மடிச்சு வச்சு. பிரிச்சு பாத்தா பிசிக்ஸ் கட்டத்துல டிக் போட்டு ரப்பரால அழிச்சு, திரும்பி போட்டு, திரும்பி அழிச்சு, பேப்பரே நைஞ்சு போயிருக்கு. பக்கத்துல எக்கனாமிக்ஸ்ல புதுசா ஒரு டிக். கீழ அப்பா கையெழுத்து மலேசியாலேருந்து பிரிண்ட் எடுத்து ஒட்டினது. அவர் எந்த டிக்க பாத்துட்டு கையெழுத்து போட்டாரோ தெரியல. ஐயா கிட்ட கேட்டேன், "அதெல்லாம் பிள்ளை பாத்துக்கும், டாக்டருக்கு தான் படிக்கப் போகுது"ன்னார். நான் பிசிக்ஸ் வாத்தியாரா இருந்து வந்தவன், எனக்கு அந்த அழிச்ச கட்டத்த பாத்ததும் வயித்துல என்னமோ பண்ணுச்சு.

சரி, ஏன் இவ்வளவு பேசுறேன்னா, ஸ்டேட் போர்டு மாதிரி, சிபிஎஸ்இ மாதிரி பயாலஜி குரூப்னு ஒண்ண எடுத்தா பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி தானா கூடவே வர்ற ஏற்பாடு ஐபில கிடையாது. ஆறு சப்ஜெக்ட், ரெண்டு மொழி, ஒரு சமூகப் பாடம், ஒரு சயின்ஸ், கணக்கு, ஆறாவது கலைப்பாடம், அது வேண்டாம்னா அந்த இடத்துல இன்னொரு சயின்ஸ் வச்சுக்கலாம். ஆக சாதாரணமா ரெண்டு சயின்ஸ் தான் உக்காரும். மூணாவது சயின்ஸ் வேணும்னா சமூகப் பாடத்த விட்டுட்டு அந்த இடத்துல போடணும், அதுக்கு பேரு நான்-ரெகுலர் டிப்ளமா, நாமளா முடிவு பண்ணிக்க முடியாது, இந்த படிப்புக்கு யுனிவர்சிட்டில இது கேக்குறாங்கன்னு காகிதம் வச்சு நம்ம கோஆர்டினேட்டர் ஐபிக்கு எழுதி அனுமதி வாங்கணும். அதனால தான் ஃபார்ம் ஜனவரிக்குள்ள வேணும்னு தலையால தண்ணி குடிக்கிறோம்.

இந்தியால எம்பிபிஎஸ்னா நீட். நீட் எழுதணும்னா பன்னெண்டாவதுல பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, பயாலஜி இல்லன்னா பயோடெக்னாலஜி, கூட இங்கிலீஷ், இது எல்லாம் படிச்சிருக்கணும். பரீட்சைல பிசிக்ஸ்க்கு 720ல 180 மார்க்னு சில பேர் கணக்கு பண்றாங்க, "180 போனா போகட்டும், பயாலஜி 360ல அள்ளிடலாம்"னு. மார்க் போறது அப்புறம், முதல்ல தகுதியே வராது. ஐபி மார்க் ஷீட்ல பர்சன்டேஜும் இருக்காது, ஒவ்வொரு சப்ஜெக்ட்டுக்கும் 1லேருந்து 7 வரைக்கும் கிரேடு, ஆறுக்கும் 42, போனஸ் 3, எல்லாம் சேத்து 45. அந்த மார்க் ஷீட்டும் இங்க பிளஸ் டூக்கு சமம்னு சொல்றது டெல்லில இருக்கிற ஏஐயூ, அதாவது இந்தியப் பல்கலைக்கழகங்களோட சங்கம். அங்க நீங்க எத படிச்சீங்களோ அதுதான் காகிதத்துல வரும், படிக்காதது எப்படி வரும்?

இத எழுத வச்ச சம்பவத்த சொல்லிடறேன். அந்த வீட்டுக்காரங்க கிட்ட கேட்டுட்டு தான் எழுதுறேன், யாருன்னு தயவுசெஞ்சு குரூப்ல தேடாதீங்க. ஐபி ரெண்டாம் வருஷத்து பிள்ளை, பயாலஜியும் கெமிஸ்ட்ரியும் ஹையர் லெவல் (அதாவது கூடுதல் ஆழமா படிக்கிறது), படிப்புல கெட்டி. முதல்ல லண்டன் பக்கம் போறதா திட்டம், அங்க பல காலேஜ்ல கெமிஸ்ட்ரி, பயாலஜி ஹையர்ல இருந்தா போதும், பிசிக்ஸ் கேக்க மாட்டாங்க. போன மாசம் வீட்ல திட்டம் மாறிடுச்சு, ஆயாவுக்கு உடம்பு சரியில்ல, பிள்ளை இங்கயே படிக்கட்டும், சிவகங்கை மெடிக்கல் காலேஜோ புதுக்கோட்டையோ கிடைச்சா கூட போதும்னு. நியாயமான ஆசை. ஆனா பிசிக்ஸ் எங்க? அப்ப தான் என் கிட்ட வந்து, "சார், பிள்ளை பத்தாவது வரைக்கும் பிசிக்ஸ் படிச்சிருக்கு, நீங்களும் அதுக்கு சொல்லித் தந்திருக்கீங்க, லெட்டர்ஹெட்ல ஏதோ ஒரு மாதிரி எழுதி குடுத்துடுங்க"ன்னு கேட்டாங்க.

இத எல்லாருக்குமே சொல்லிடறேன், அதுவும் ஒரே தடவை. அந்த மாதிரி லெட்டர் இந்த ஸ்கூல் எழுதாது. படிக்காத பாடத்த படிச்சதா எழுத மாட்டோம், பரீட்சைக்கு முன்னாடி ஸ்கூல் கணிச்சு குடுக்கிற பிரிடிக்டட் கிரேட ஒண்ணு ரெண்டு ஏத்தி போட மாட்டோம், யார் போன் பண்ணாலும், எந்த ஊர் டோனர் சொன்னாலும். கவுன்சிலிங்ல சர்டிபிகேட் வெரிஃபிகேஷன்ல பொய்னு தெரிஞ்சா சீட்டு போறது உங்க பிள்ளைக்கு. எனக்கு ஒரு கையெழுத்து தான், அதுக்கு பேர் கெட்டா இங்க மிச்சம் இருக்கிற எல்லா பிள்ளைங்க காகிதமும் சந்தேகம் ஆயிடும். பழைய பேரேடு பாத்த வீட்டுப் பிள்ளைங்க நீங்க, ஐந்தொகைல, அதாவது வருஷக் கணக்குல, ஒரு அணா இடிச்சா ராத்திரி முழுக்க உக்காந்து தேடுவாங்களாம், அத நான் உங்களுக்கு சொல்லித் தர வேண்டியதில்ல. இன்னொண்ணு, நம்ம கோஆர்டினேட்டர் மேடத்துக்கு ராத்திரி 11 மணிக்கு வாட்ஸப்ல வாய்ஸ் நோட் அனுப்பி திட்டுறது இன்னையோட நிக்கணும். அவங்களும் ரெண்டு பிள்ளைங்களுக்கு அம்மா.

சரி, கோபம் முடிஞ்சுது.

அந்த பிள்ளைக்கு வழி ஒண்ணு இருக்கு. பிளஸ் டூக்கு சமமானத பாஸ் பண்ண அப்புறம் கூடுதல் பாடமா பிசிக்ஸ் எழுதினவங்கள நீட்டுக்கு அனுமதிக்கலாம்னு 2023 நவம்பர்ல என்எம்சி, அதாவது தேசிய மருத்துவ ஆணையம், அறிவிச்சாங்க, அத வச்சு ஒரு வருஷம் தள்ளி முயற்சி பண்றாங்க, நாங்களும் கூட நிக்கிறோம். ஆனா ஒரு வருஷம் போச்சு இல்லையா. அந்த வருஷத்த ஒரு டிக்ல மிச்சம் பண்ணியிருக்கலாம்.

வெளிநாடு தான் எங்க முடிவுன்னு சொல்றவங்களுக்கும் பிசிக்ஸ் பத்தி ஒரு வார்த்தை. இந்தியக் குடிமக்கள் வெளிநாட்டுல மெடிசின் படிச்சிட்டு இங்க வந்து பிராக்டிஸ் பண்ணணும்னா போறதுக்கு முன்னாடியே நீட் பாஸ் பண்ணியிருக்கணும், 2018லேருந்து இது இருக்கு. அந்த நீட்டுக்கும் மறுபடி பிசிக்ஸ். 2021 விதிப்படி அங்க படிப்பு குறைஞ்சது 54 மாசம், அங்கயே ஒரு வருஷ இன்டர்ன்ஷிப், இங்க வந்து இன்னொரு வருஷம். ஊருக்கு திரும்பி வளவு வீட்டு முகப்புல கிளினிக் போடணும்னு கனவு இருந்தா, அந்த கதவ பதினோராங் கிளாஸ்லயே சாத்திடாதீங்க. லண்டனுக்கு மெடிசின் படிக்கப் போறவங்க யூசிஏஎஸ் விண்ணப்பம் (அங்க எல்லா யுனிவர்சிட்டிக்கும் பொதுவானது) அக்டோபர் 15க்குள்ள போயிடணும், மத்த படிப்பு மாதிரி ஜனவரி வரைக்கும் டைம் கிடையாது, அதுக்கு முன்னாடி அந்த ஊர் மெடிக்கல் நுழைவுத் தேர்வு யூகேட் வேற எழுதணும்.

இங்க நீட்டும் ஐபியும் ஒண்ணு மேல ஒண்ணு விழும், அதையும் தெரிஞ்சுக்கோங்க. நீட் பெரும்பாலும் மே முதல் ஞாயிறு, ஐபி பரீட்சை ஏப்ரல் கடைசிலேருந்து மே மூணாவது வாரம் வரைக்கும் போகும், ஞாயித்துக்கிழமை மதுரைலயோ திருச்சிலயோ நீட் எழுதிட்டு வந்து திங்கக்கிழமை இங்க பேப்பர் எழுதுற நிலைமை வரலாம். ஐபில கால்குலேட்டர் உண்டு, நீட்ல கிடையாது, நம்ம பிள்ளைங்க 6.4ஐ 1.8ஆல பெருக்கவே விரல் தேடும். என்சிஇஆர்டி புத்தகத்த வரி வரியா படிக்கணும், ஐபி நோட்ஸ் மட்டும் பத்தாது. கோச்சிங் வேண்டாம்னு சொல்லல, ஆனா ஹையர் லெவல் சயின்ஸ்ல ஒவ்வொரு பாடத்துக்கும் 60 மணி நேரம் லேப் இருக்கு, அத விட்டுட்டு கோச்சிங்குக்கு பஸ் ஏறாதீங்க.

மலேசியாலேருந்து ஏழாவது, எட்டாவதுல வந்து சேந்த பிள்ளைங்க வீட்ல ஒரு வேலை. தமிழ்நாட்டு கோட்டால ஆறாவதுலேருந்து பன்னெண்டு வரைக்கும் இங்க படிச்சிருக்காங்களான்னு பாப்பாங்க, இல்லன்னா நேட்டிவிட்டி சர்டிபிகேட் வேணும். தாலுகா ஆபீஸ்ல கடைசி நேரத்துல நிக்காம, இந்த லீவுலயே ஐயாவோட பழைய காகிதமெல்லாம் எடுத்து வச்சுக்கோங்க.

ஃபார்ம் விஷயத்துல எங்க தப்பும் இருக்கு, ஒத்துக்கறேன். அந்த நான்-ரெகுலர் விஷயம் ஃபார்ம்ல கடைசி பக்கத்துல பொடி எழுத்துல, அதுவும் இங்கிலீஷ்ல மட்டும் இருந்துச்சு, ஐயாமார்கள் எப்படி படிப்பாங்க. தமிழ்ல பெருசா அடிச்சு புது ஃபார்ம் திங்கக்கிழமை வருது, பழச கிழிச்சிடுங்க. ஜனவரி 2வது சனிக்கிழமை காலைல 10 மணிக்கு ஹால்ல உக்காந்து பேசலாம், வெளிநாட்டுல இருக்கிற அப்பா அம்மா வீடியோல சேந்துக்கலாம், ஆனா பிள்ளையும் கூட இருக்கணும், அது இல்லாம நான் எந்த ஃபார்மும் வாங்கப் போறதில்ல. ஜனவரி 31க்கு அப்புறம் மூணாவது சயின்ஸ் சேக்கணும்னு வந்தா முடியாதுன்னு சொல்ல வேண்டி வரும், அப்ப என் மேல வருத்தப்படாதீங்க.

இவ்வளவு நீளமா எழுதினதுக்கு மன்னிச்சுக்கோங்க. இவ்வளவு தூரத்துல இருந்துக்கிட்டு பிள்ளைங்கள எங்கள நம்பி விட்டிருக்கீங்க, ஸ்கூல் வேன் லேட்டானா கூட பொறுத்துக்கிறீங்க, அன்னைக்கு ஃபார்ம் கொண்டு வந்த ஐயா வெயில்ல நடந்து வந்து அரை மணி நேரம் பொறுமையா கேட்டுட்டு, "அப்ப அந்த டிக்க திரும்ப போடச் சொல்றேன் சார்"னு சிரிச்சிட்டு போனார். உங்க எல்லாருக்கும் நன்றி.

அந்த ஃபார்ம்ல மட்டும் ரப்பர் வேண்டாம், பேனால எழுதச் சொல்லுங்க.

அன்புடன்,
தலைமையாசிரியர்
காரைக்குடி