ஊதா மூடிக் குழாயும் 12 மணி நேரமும்: இராமநாதபுரம் மாவட்ட மனநலத் திட்டத்தாருக்கு ஒரு திறந்த மடல்

மாவட்ட மனநலத் திட்ட மருத்துவர்களுக்கும் அரசு மருத்துவமனை ஆய்வகப் பொறுப்பாளர்களுக்கும் வணக்கம்.

மனச்சிதைவு நோய்க்குக் கொடுக்கும் குளோசபின் மருந்தின் இரத்த அளவைப் பார்க்க மாவட்டத்துக்கே ஓர் எல்சி-எம்எஸ் (இரத்தத்தில் உள்ள மருந்தைப் பிரித்து அளக்கும்) இயந்திரம் வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. இயந்திரம் மதுரையிலோ சென்னையிலோ இருந்துவிட்டுப் போகட்டும். ஏர்வாடியிலும் பாம்பனிலும் தொண்டியிலும் ஊசி குத்தும் அந்த ஐந்து நிமிடத்தை முதலில் சரிசெய்யுங்கள். அங்கே நேர்ந்த பிழையோடு வரும் இரத்தத்துக்கும் இயந்திரம் ஓர் எண்ணைக் கொடுத்துவிடும், அதுவும் தசம புள்ளியோடு.

முதலில் குழாய். மஞ்சள் மூடிக் குழாயின் அடியில் இருக்கும் ஜெல் குளோசபினை உறிஞ்சிக்கொள்ளும். நிற்க நிற்க அளவு குறையும். நோயாளி மாத்திரையே போடவில்லை என்று மருத்துவர் சந்தேகிப்பார். இரத்தம் உறையாமல் காக்கும் எடிடிஏ உள்ள ஊதா மூடிக் குழாய் போதும். வெள்ளணு எண்ணிக்கைக்காக இவர்களுக்கு எப்படியும் அதே குழாயில்தான் இரத்தம் எடுக்கிறோம். அதே குத்தலில் இன்னொரு குழாய், 2 மில்லி.

அடுத்தது நேரம், பெரும்பாலான எண்களைக் கெடுப்பது இதுதான். கடைசி மாத்திரைக்கு 12 மணி நேரம் கழித்து எடுக்க வேண்டும். இரவு 9 மணிக்குப் போட்டவருக்குக் காலை 9 மணிக்கு. காலை மாத்திரையும் இருந்தால் இரத்தம் கொடுத்த பிறகே விழுங்க வேண்டும். விழுங்கிவிட்டு ஓபி வரிசையில் இரண்டு மணி நேரம் நின்றவரிடம் எடுத்தால் கிடைப்பது உச்ச அளவு. 350 முதல் 600 நானோகிராம்/மில்லி என்ற வரம்பு 12 மணி நேர அளவுக்கானது, உச்சத்துக்கு அது பொருந்தாது. டோஸ் மாற்றினால் ஒரு வாரமாவது பொறுத்து எடுங்கள்.

விசைப்படகில் போகிறவருக்கு இந்தக் கணக்கு எளிதில் தப்பும். இரவெல்லாம் வலையோடு இருப்பவர் தூக்கம் வரவைக்கும் மாத்திரையைத் தள்ளிப்போடுவார், அல்லது விட்டேவிடுவார். ஆகவே "நேற்று எத்தனை மணிக்குப் போட்டீர்கள்?" என்று கேட்டு, வாயால் சொன்ன நேரத்தை எழுதுங்கள். சீட்டில் உள்ள "இரவு 1" என்பதைப் பார்த்து நிரப்ப வேண்டாம். 48 மணி நேரத்துக்கு மேல் விட்டிருந்தால் இரத்த அளவு இரண்டாம்பட்சம். பழைய டோஸை அப்படியே தொடரக்கூடாது, 12.5 மில்லிகிராமிலிருந்து ஏற்ற வேண்டும் என்பதால் மருத்துவரிடம் உடனே சொல்லுங்கள்.

பீடியையும் கேளுங்கள். புகையில் உள்ள கரிப்பொருள்கள்தான் குளோசபினைச் சிதைக்கும் ஈரல் நொதியைத் தூண்டுகின்றன. நிகோடினுக்கு அதில் பங்கில்லை. வார்டில் சேர்ந்து பீடி நின்றால், அதே டோஸில் ஒரு வாரத்துக்குள் அளவு பாதிக்கு மேல் கூடலாம். வீட்டுக்குப் போய்ப் பற்றவைத்தால் மறுபடி இறங்கும். காய்ச்சலோ நிமோனியாவோ வந்தாலும் ஏறும். வயிற்றுப்போக்குக்குக் கடையில் வாங்கும் சிப்ரோஃப்ளாக்சசினும் ஏற்றும்.

அனுப்புவதற்கு: பிளாஸ்மாவை (அணுக்கள் நீங்கிய இரத்த நீரை) பிரித்துத் தனிக் குழாயில் ஊற்றிக் குளிரில் வையுங்கள். ஐஸ் பெட்டிக்கு இந்தக் கரையில் பஞ்சமில்லை. ஆனால் பிரிக்காத இரத்தத்தை ஃப்ரீசரிலிருந்து எடுத்த ஜெல் பேக்கோடு ஒட்டி வைத்தால் உறைந்து அணுக்கள் உடையும். ஒலான்சபின் என்ற இன்னொரு மனநோய் மருந்தின் அளவைக் கேட்டிருந்தால் இன்னும் கவனம்: அறை வெப்பத்தில் முழு இரத்தத்தில் அது ஆக்சிஜனேற்றமாகிக் குறைந்துவிடும்.

ஆய்வக வேலை இதைவிட நேரானது. 100 மைக்ரோலிட்டர் பிளாஸ்மாவில் டியூட்டீரியம் (கன ஹைட்ரஜன்) ஏற்றிய குளோசபினை உள்தரமாக, அதாவது ஒப்பிட்டு அளக்கும் தெரிந்த அளவாக, முதலில் சேர்த்துக் கலக்க வேண்டும். பிறகு புரதத்தைப் படியவைக்க 300 மைக்ரோலிட்டர் அசிட்டோநைட்ரைல், ஒரு நிமிடம் சுழற்றல், பத்து நிமிடம் மையவிலக்கு. மேல்நீரை இயந்திரத்துக்குக் கொடுக்கலாம். புரதம் படிந்த பிறகு உள்தரம் சேர்த்தால் படிவோடு போன மருந்து கணக்கில் வராது. இரத்தத்தின் கொழுப்புப்பொருள்களான பாஸ்போலிப்பிடுகள் மருந்தோடு சேர்ந்து வெளிவந்தால் சிக்னலை அமுக்கும், ஆகவே இயந்திர ஓட்டத்தை அவசரப்பட்டுச் சுருக்க வேண்டாம். தரக்கட்டுப்பாட்டு மாதிரி மூன்று அளவில். அவற்றின் குறித்த அளவிலிருந்து 15 விழுக்காட்டுக்கு மேல் விலகினால் அந்த ஓட்டத்தின் முடிவுகளை வெளியிடக்கூடாது.

குளோசபின் உடலில் சிதைந்து உண்டாகும் நார்குளோசபினையும் சேர்த்துக் கேளுங்கள். குளோசபின் அதைப் போல் மூன்று மடங்கைத் தாண்டினால், மாத்திரை போட்ட கையோடு எடுத்த இரத்தமோ என்று முதலில் சந்தேகியுங்கள். அலகையும் பாருங்கள்: சில ஆய்வகங்கள் நானோமோல்/லிட்டரில் தரும். அங்கே 1070 என்பது நமது 350தான். பயந்து டோஸைக் குறைத்துவிடாதீர்கள்.

உண்மையிலேயே 1000 நானோகிராம்/மில்லியைத் தாண்டினால் வலிப்பு வரும் ஆபத்து உண்டு. அறிக்கை தபாலில் வரட்டும் என்று காத்திராமல் அன்றே போன் செய்ய வேண்டும். நடுக்கடலில் டவர் கிடைக்காது. வீட்டில் இருப்பவர் எண்ணையும் படிவத்தில் வாங்கி வையுங்கள்.

இப்படிக்கு,
ஆய்வகத் தொழில்நுட்பர்களும் மருந்தாளுநர்களும்